கேவிஎம் சுவிட்சில் 4கே திரையைச் சரியாக அமைக்கும் முறை

ஒரே மேசையில் அலுவலகம் கொடுத்த லேப்டாப்பும் சொந்த டெஸ்க்டாப்பும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் கொண்டு இயக்குவதற்குக் கேவிஎம் சுவிட்ச் என்னும் சிறு பெட்டி பயன்படுகிறது. கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பி வழியாகச் செல்வதால் அவற்றில் பெரும்பாலும் தொல்லை இருப்பதில்லை. சிக்கல் வருவது திரையில்தான். நேராகச் செருகியபோது கூர்மையாகத் தெரிந்த எழுத்து, நடுவில் சுவிட்ச் வந்ததும் மங்கிவிடும். 4கே எனப்படும் 3840×2160 தெளிவுத்திறன் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பி வந்தால், ஒழுங்காகத் திறந்து வைத்திருந்த சாளரங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்.

இதைச் சரிசெய்ய முனைபவர்கள் பெரும்பாலும் விண்டோஸின் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து அங்கேயே மணிக்கணக்கில் போராடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் உள்ள பட்டியல், மானிட்டரும் சுவிட்சும் சேர்ந்து கணினிக்குச் சொன்ன செய்தியின் விளைவு. செய்தி தவறாக இருந்தால் பட்டியலும் தவறாகத்தான் இருக்கும். ஆகவே மானிட்டரில் தொடங்கி, அடுத்து சுவிட்ச், அதன்பின் கேபிள், கடைசியாகக் கணினி என்ற வரிசையில் அமைப்பதே சரியான முறை. 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று, எச்டிஎம்ஐ சுவிட்ச் ஒன்று, விண்டோஸ் 11 உள்ள லேப்டாப், உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள டெஸ்க்டாப் என்ற ஒரு மேசையை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்வது

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. அதில் உள்ள தகவல் தொகுப்புக்கு ஈடிஐடி என்று பெயர். வெசா என்னும் தர அமைப்பு 1994-இல் இதை வகுத்தது. அதன் அடிப்படைத் தொகுதி 128 பைட் மட்டுமே. எச்டிஎம்ஐ மானிட்டர்களில் அதனுடன் இன்னொரு 128 பைட் தொகுதியாவது இருக்கும். தயாரித்த நிறுவனத்தின் குறியீடு, மாடல் எண், தயாரிப்பு ஆண்டு, திரையின் அகலமும் உயரமும், ஏற்கக்கூடிய தெளிவுத்திறன்கள், அவற்றுள் மானிட்டருக்கு மிகவும் உகந்த ஒன்று ஆகிய அனைத்தும் இந்தச் சின்ன இடத்தில் அடங்கியிருக்கின்றன. எச்டிஎம்ஐ கேபிள் முனையிலுள்ள 15, 16 ஆகிய பின்கள் (உலோகத் தொடுமுனைகள்) வழியாகக் கணினி இதைப் படிக்கிறது. 19-ஆம் பின்னில் மின்னழுத்தம் இருந்தால் திரை செருகப்பட்டிருக்கிறது என்றும், அது போய்விட்டால் திரை பிடுங்கப்பட்டுவிட்டது என்றும் எடுத்துக்கொள்கிறது.

நடுவில் வரும் சுவிட்ச் இந்த இரண்டு செய்திகளையும் எப்படிக் கையாளுகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகின்றன. எளிய வகைச் சுவிட்ச்கள், பொத்தானை அழுத்தியதும் முந்தைய கணினியின் 19-ஆம் பின்னை விட்டுவிடும். அந்தக் கணினியைப் பொறுத்தவரை மானிட்டரைக் கையால் பிடுங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சாளரங்கள் கலைவதற்கும், திரும்பி வரும்போது படம் தோன்ற நேரம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். மேம்பட்ட சுவிட்ச்கள் மானிட்டரின் ஈடிஐடியைத் தம்முள் பதிந்துகொண்டு, அப்போது பயன்பாட்டில் இல்லாத கணினிக்கும் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். இதை ஈடிஐடி எமுலேஷன் என்பார்கள். வாங்குவதற்கு முன் விவரக்குறிப்பில் இந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை கணினி மாறுபவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை முழுவதும் தகும் என்பது என் முடிவு.

சுவிட்சைச் செருகுவதற்கு முன்

முதலில் சுவிட்சை ஒதுக்கி வைத்துவிட்டு, மானிட்டரை ஒவ்வொரு கணினியிலும் நேராகச் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று, அங்கே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்பதைத் திறந்தால் தெளிவுத்திறன், ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற அளவு, ஹெர்ட்ஸில்), பிட் ஆழம் (ஒவ்வொரு வண்ணத்துக்கும் எத்தனை பிட்), வண்ண வடிவம் (வண்ணத்தை அனுப்பும் முறை) ஆகிய நான்கும் ஒரே இடத்தில் தெரியும். நமது எடுத்துக்காட்டில் அங்கு 3840×2160, 60 ஹெர்ட்ஸ், 8 பிட், ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு சுவிட்ச் வழியாகச் செருகும்போது இந்த நான்கில் எது மாறுகிறதோ, அதை வைத்துக் குறை எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நேராகச் செருகியும் லேப்டாப்பில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை என்றால், அதன் எச்டிஎம்ஐ போர்ட்டே பழைய தரத்தில் இருக்க வாய்ப்புண்டு. எந்தச் சுவிட்சாலும் அதை உயர்த்த முடியாது. அந்த லேப்டாப்பின் யூஎஸ்பி-சி போர்ட் படத்தையும் அனுப்பக்கூடியதாக இருந்தால், அதிலிருந்து 4கே 60 ஹெர்ட்ஸ் தரும் அடாப்டர் ஒன்றைப் பயன்படுத்துவதே வழி.

ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும். பல 4கே மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4 அல்லது 2.0 என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. டிவிகளில் இதே வசதி யூஎச்டி கலர், டீப் கலர் என்பன போன்ற பெயர்களில் இருக்கும். பழைய கருவிகளோடு ஒத்துப்போவதற்காகத் தொழிற்சாலையிலிருந்தே 1.4 என்று வைத்து அனுப்புவதுண்டு. அந்த நிலையில் மானிட்டர் காட்டும் ஈடிஐடியே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இதை 2.0 என்று மாற்றுங்கள். கூடவே, உள்ளீட்டைத் தானாகத் தேடும் ஆட்டோ சோர்ஸ் வசதியை நிறுத்திவிட்டு, சுவிட்ச் செருகியுள்ள எச்டிஎம்ஐ எண்ணை நிலையாகத் தேர்ந்தெடுங்கள். சுவிட்ச் மாறும்போது ஓரிரு நொடிகள் படம் அறுந்துபோவது இயல்பு. ஆட்டோ சோர்ஸ் இயங்கினால் அந்த இடைவெளியில் மானிட்டர் மற்ற போர்ட்களைத் தேடக் கிளம்பிவிடும், திரும்பி வருவதற்குள் பொறுமை போய்விடும்.

சுவிட்சும் 4கே என்ற சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு சுவிட்சின் பெட்டியில் 4கே என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. 30 ஹெர்ட்ஸ் என்ற விவரம் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து செருகியதும் படம் கூர்மையாகத்தான் தெரிந்தது. மவுஸை நகர்த்திய பிறகுதான் குறை புலப்பட்டது. அம்புக்குறி வழுக்கிச் செல்லாமல் விட்டு விட்டுத் தாவியது. நீண்ட பக்கத்தை மேலே தள்ளும்போது வரிகள் இரட்டையாகத் தெரிந்து கண் எரிந்தது. அந்தச் சுவிட்சை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

இதற்கான கணக்கு எளியது. 4கே திரையில் கண்ணுக்குத் தெரிவது 3840×2160 பிக்சல்கள் என்றாலும், வரிகளுக்கும் படங்களுக்கும் இடையிலான வெற்று நேரத்தையும் சேர்த்தால் கேபிளில் ஒரு படத்துக்கு 4400×2250 பிக்சல்களுக்கான இடம் வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் 59 கோடியே 40 லட்சம், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ 1.4 தாங்கும் உச்ச அளவு 340 மெகாஹெர்ட்ஸ்தான். நொடிக்கு 30 படம் என்றால் 297 மெகாஹெர்ட்ஸ் ஆகும் என்பதால் அது மட்டும் அதில் அடங்கும். எச்டிஎம்ஐ 2.0 தரம் 600 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 18 கிகாபிட் வரை தாங்கும். ஆகவே சுவிட்சின் விவரக்குறிப்பில் 4கே 60 ஹெர்ட்ஸ் 4:4:4 (ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வண்ணம்) என்றோ, 18 கிகாபிட் என்றோ தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அதை 4கே மானிட்டருக்கு வாங்குங்கள். எச்டிஎம்ஐ போன்ற மற்றொரு திரை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் வகைச் சுவிட்ச் என்றால் 1.2 தரமே 4கே 60 ஹெர்ட்ஸுக்குப் போதுமானது.

கையில் இருப்பது பழைய 1.4 சுவிட்ச்தான், இப்போதைக்கு வேறு வாங்க இயலாது என்றால், 4கே 30 ஹெர்ட்ஸை விட 2560×1440, 60 ஹெர்ட்ஸ் என்று வைப்பதே அன்றாட வேலைக்கு நல்லது. எழுத்தின் கூர்மை சற்றுக் குறைந்தாலும் கை நகர்த்துவதும் கண் பார்ப்பதும் ஒன்றாகச் செல்லும்.

ஈடிஐடியைச் சுவிட்சுக்குக் கற்பித்தல்

எமுலேஷன் வசதியுள்ள சுவிட்ச்களில் இரண்டு நிலைகள் பொதுவாக இருக்கும். ஒன்றில், தொழிற்சாலையில் பதித்த பொதுவான ஈடிஐடியைச் சுவிட்ச் காட்டும். பெரும்பாலும் அது 1920×1080 அளவிலானதாக இருக்கும். மற்றொன்றில், செருகியுள்ள மானிட்டரிடமிருந்து படித்துக்கொண்டதைக் காட்டும். 4கே மானிட்டரைச் செருகியும் பட்டியலில் 1920×1080-க்கு மேல் வரவில்லை என்றால், சுவிட்ச் முதல் நிலையில் நிற்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நிலையை மாற்றும் முறை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். சிலவற்றில் பின்புறம் டிப் சுவிட்ச்கள் என்னும் மிகச் சிறிய தள்ளு பொத்தான்கள் இருக்கும். சிலவற்றில் முன்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் விசையையோ கண்ட்ரோல் விசையையோ இருமுறை தட்டிவிட்டு ஓர் எழுத்தை அழுத்த வேண்டும். உங்கள் மாடலுக்கு உரிய முறையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பிக்கும்போது வரிசை முக்கியம். கணினிகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். மானிட்டரை முதலில் இயக்கி, அதன் மெனு திறக்கும் அளவுக்குக் காத்திருங்கள். பிறகு சுவிட்சுக்கு மின்சாரம் கொடுத்து, ஈடிஐடியைப் படிக்கச் செய்யுங்கள். அது முடிந்த பிறகே கணினிகளை ஒவ்வொன்றாக இயக்குங்கள். மானிட்டர் உறங்கிக்கொண்டிருக்கும்போது படிக்க முயன்றால் சுவிட்ச் வெறுங்கையோடு திரும்பி, பழைய பதிவையே வைத்துக்கொள்வதுண்டு. மானிட்டரை மாற்றினாலும், மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ தரத்தை மாற்றினாலும் இந்தப் படியை மீண்டும் செய்ய வேண்டும். அதை மறந்தால் புதிய மானிட்டருக்குப் பழைய மானிட்டரின் விவரமே கணினிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் சுவிட்சில் எமுலேஷன் இல்லை என்றால், ஈடிஐடி எமுலேட்டர் என்று தனியாகக் கிடைக்கும் சிறு கருவியைக் கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் செருகலாம். ஒவ்வொரு கணினிக்கும் ஒன்று வேண்டும். அதுவும் 4கே 60 ஹெர்ட்ஸ் தாங்குவதாக இருக்க வேண்டும்.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்னலைப் புதுப்பிக்காத எளிய சுவிட்ச்களில், கணினியிலிருந்து சுவிட்ச் வரையுள்ள நீளமும் சுவிட்சிலிருந்து மானிட்டர் வரையுள்ள நீளமும் சேர்ந்தே கணக்கில் வரும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொன்றையும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அளவில் வைத்துக்கொள்வது நல்லது; ப்ரீமியம் ஹை ஸ்பீட் என்ற சான்றிதழ் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். நொடிக்கு ஒருமுறை திரை கறுத்து மீள்வதும், இருண்ட பகுதிகளில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்குவதும் கேபிள் திணறுவதன் அறிகுறிகள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான அடாப்டர்கள் பல 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

இப்போது சுவிட்ச் வழியாக லேப்டாப்பைத் திறந்து, முன்பு எழுதி வைத்த நான்கு விவரங்களோடு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தை ஒப்பிடுங்கள். தெளிவுத்திறன் சரியாக இருந்து ரெஃப்ரெஷ் ரேட் மட்டும் 30 என்று இருந்தால், அங்குள்ள பட்டியலில் 60-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 60 இல்லை என்றால் மீண்டும் சுவிட்சுக்கும் கேபிளுக்கும் திரும்ப வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது வண்ண வடிவம். 60 ஹெர்ட்ஸ் என்று காட்டியும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், அங்கே ஆர்ஜிபி என்பதற்குப் பதிலாக ஒய்சிபிசிஆர் 420 என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்த கொள்ளளவில் 60 ஹெர்ட்ஸை அடக்குவதற்காகக் கணினி சில நேரங்களில் இந்த வழியை எடுத்துக்கொள்கிறது. இதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் தனித்தனியே சென்றாலும், வண்ணம் நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக ஒன்றுதான் செல்லும். வீடியோ பார்க்கும்போது இது தெரியாது. எழுத்தில் தெரியும்; தமிழ் எழுத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதைச் சோதிக்க நான் எப்போதும் செய்வது இதுதான். லிப்ரேஆபிஸ் ரைட்டர் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளில் பக்கத்தின் பின்புலத்தை நீலமாக்கி, சிவப்பு எழுத்தில், 10 புள்ளி அளவில், 'கற்பித்தல்', 'தண்ணீர்', 'எழுத்துக்கள்' என்று மெய்யெழுத்து மிகுந்த சில சொற்களை அடித்து, திரைக்கு அருகில் சென்று மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியைப் பார்ப்பேன். 150 சதவீதப் பெரிதாக்கத்தில் அந்தப் புள்ளி ஒருசில பிக்சல்கள் அகலமே இருக்கும். ஆர்ஜிபியில் அது நீலத்தின்மேல் தனியாக, விளிம்போடு நிற்கும். 420-இல் அதன் சிவப்பு சுற்றியுள்ள நீலத்தில் கசிந்து, 'ற்' எது 'ற' எது என்று தயங்கும் அளவுக்குக் கரைந்துபோகும். நாள் முழுவதும் தமிழில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

என்விடியா அட்டை உள்ள கணினியில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்தில் அவுட்புட் கலர் ஃபார்மட் என்பதை ஆர்ஜிபி என்றும், அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்பதை ஃபுல் என்றும் வையுங்கள். ஏஎம்டியின் மென்பொருளில் இது பிக்சல் ஃபார்மட் என்ற பெயரில் இருக்கும். டைனமிக் ரேஞ்ச் லிமிடெட் என்று இருந்தால் கணினி 0 முதல் 255 வரையிலான முழு வீச்சுக்குப் பதிலாக 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்பும். கறுப்பு சாம்பல் பூத்தது போலவும் வெள்ளை மங்கியும் தெரியும். சுவிட்ச் வந்த பிறகு திரை வெளிறிவிட்டது என்று சொல்பவர்களின் குறைக்கு இது ஒரு பொதுவான காரணம்.

மீண்டும் டிஸ்ப்ளே பக்கத்துக்கு வந்து, மல்ட்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்பதை விரித்தால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் தேர்வும், மானிட்டர் துண்டிக்கப்படும்போது சாளரங்களைச் சுருக்கி வைக்கும் தேர்வும் இருக்கும். எமுலேஷன் இல்லாத சுவிட்ச் வைத்திருப்பவர்கள் இரண்டையும் இயக்கி வைத்தால் சாளரங்கள் கலைவது பெருமளவு குறையும். லேப்டாப்பை மூடி வைத்துப் பயன்படுத்துபவர்கள், மின்சாரத்தில் செருகியிருக்கும்போது மூடியை மூடினால் எதுவும் செய்ய வேண்டாம் என்று பவர் ஆப்ஷன்ஸில் அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடிய லேப்டாப் உறங்கிவிடும். சுவிட்சில் அதற்கு மாறும்போது கறுப்புத் திரைதான் வரவேற்கும்.

உபுண்டுவில்

உபுண்டுவில் செட்டிங்ஸில் உள்ள டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் தெளிவுத்திறனையும் ரெஃப்ரெஷ் ரேட்டையும் தேர்ந்தெடுக்கலாம். 27 அங்குலத் திரையில் 100 சதவீதத்தில் எழுத்து மிகவும் சிறிதாகவும், 200 சதவீதத்தில் மிகவும் பெரிதாகவும் இருக்கும் என்பதால், ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங் என்பதை இயக்கி 150 சதவீதம் வைப்பது வசதி. விண்டோஸிலும் அதே 150 வைத்தால் கணினி மாறும்போது கண் தடுமாறாது. உபுண்டு இந்த அமைப்பை மானிட்டரின் நிறுவனக் குறியீடு, மாடல் எண், வரிசை எண் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிந்து வைக்கிறது. சுவிட்சின் ஈடிஐடி நிலையை மாற்றினால் அது வேறொரு மானிட்டர் என்றே எடுத்துக்கொண்டு பழைய அமைப்பைக் கைவிட்டுவிடும். ஆகவே ஈடிஐடி வேலை முழுவதும் முடிந்த பிறகே இந்த அமைப்பைச் செய்யுங்கள்.

சர்வர் அறைப் பழைய சுவிட்ச்கள்

அலுவலகச் சர்வர் அறைகளில் இன்றும் விஜிஏ என்னும் பழைய அனலாக் திரை இணைப்பு வகைச் சுவிட்ச்கள் ஏராளமாக இயங்குகின்றன. அங்கு சிக்கல் வேறு வகையானது. விஜிஏவில் ஈடிஐடி 12, 15 ஆகிய பின்கள் வழியாக வருகிறது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தப் பின்களே இருக்காது. ஈடிஐடி கிடைக்காத லினக்ஸ் சர்வர் 1024×768-இல் போய் நின்றுவிடும். கேபிளைக் கழற்றி முனையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் அரை நாள் வேலை மிச்சமாகும். சர்வர்களை அடுக்கி வைக்கும் ரேக்கில் இழுத்துத் திறக்கும் 17 அங்குலத் திரைகள் பலவற்றின் இயல்பான அளவு 1280×1024. எல்லாச் சர்வர்களிலும் அதையே 60 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது திரை நிலையாக இருக்கும்.

சர்வரை இயக்கியதும் வரும் எழுத்துத் திரை 720×400, 70 ஹெர்ட்ஸ் என்னும் பழைய அளவில் வரலாம். விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்றும் கருவிகள் சில இந்த அளவை ஏற்பதில்லை. சர்வர் நன்றாகவே கிளம்பிக்கொண்டிருக்க, திரையில் மட்டும் நோ சிக்னல் என்று வந்தால் அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். இயங்குதளம் மேலெழும் வரை சற்றுக் காத்திருங்கள். இயங்குதளத்துக்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் விஜிஏ உள்ள ஒரு மானிட்டரை நேராகச் செருகுங்கள்.

விஜிஏவில் படம் பக்கவாட்டில் நகர்ந்தோ எழுத்து நடுங்கியோ தெரிந்தால் மானிட்டரின் ஆட்டோ அட்ஜஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தும்போது கறுப்புக் கட்டளைத் திரை இருக்கக் கூடாது. திரையின் நான்கு ஓரங்களும் எங்கே இருக்கின்றன என்று மானிட்டருக்குத் தெரியாமல் தவறான இடத்தில் நிறுத்திவிடும். வெளிறிய பின்புலம் உள்ள டெஸ்க்டாப்பையோ, திரை முழுவதும் விரித்த வெள்ளைச் சாளரத்தையோ வைத்துக்கொண்டு அழுத்துங்கள். சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கேபிள் நீளமும் கணினியின் சிக்னலும் வேறுபடுவதால், ஒவ்வொரு சர்வருக்கும் மாறி இதைத் தனித்தனியே ஒருமுறை செய்துவிடுங்கள்.